செங்கமலத்தின் ஈரல்

திருவள்ளூர்
16.6.2025, திங்கள்

ஜானவிக்கு,

உன் அண்ணன் ரங்கன் எழுதுகிறேன். நான் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாய். நான்கு வருஷமாக எடுக்காதவள் இன்றைக்கா எடுக்கப் போகிறாய்? அதனால் உங்கள் லேப் வண்டி ஓட்டும் ஆசீர்வாதத்திடம் பெட்டியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியை நீ வாங்கித்தானே ஆக வேண்டும்.

நம் கோயில் கோசாலையில் செங்கமலம் சனிக்கிழமை காலையில் செத்துப்போனது. முந்தின நாள் சாயங்காலம்தான் மாட்டுக்காரன் வரதன் எல்லா மாட்டுக்கும் உண்ணி மருந்து அடித்திருக்கிறான். அவன் மருந்தை அளவுக்கு மேல் கலந்துவிட்டான் என்கிறார் கோசாலைக் குழுத் தலைவர். மற்ற பதினொரு மாடும் நன்றாகத்தானே இருக்கின்றன என்கிறான் வரதன். செங்கமலம் நோஞ்சான், அதனால் முதலில் போனது என்கிறார் அவர். சந்நிதி வாசலிலேயே பெரிய ரகளை. "இன்னா சாமி, தாய் இல்லாத கன்னுக்குட்டிய புட்டிப் பாலு ஊத்தி வளத்தவன் நானு. நானே அத்த கொல்லுவேனா?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

கால்நடை டாக்டர் சந்திரமோகன் அறுத்துப் பார்த்து ஈரலில் கொஞ்சம் எடுத்தார். பெரிய மெஷினில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று தலைவர் சொல்ல, கும்மிடிப்பூண்டியில் அந்த மெஷினோடுதான் என் தங்கை குடித்தனம் நடத்துகிறாள் என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உங்கள் லேப் கொடுத்து வைத்திருந்த குப்பி டாக்டரிடம் இருந்தது. அதில் துண்டுகளைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அவர் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். உங்கள் வண்டி திங்களும் வியாழனும்தான் வரும் என்பதால் இரண்டு நாள் அது என் பொறுப்பில் இருந்தது.

பார்த்துச் சொல். மன்னி கோதை உன்னை விசாரித்தாள்.

ரங்கன்

*

கும்மிடிப்பூண்டி
19.6.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. குப்பியில் ஆறு துண்டுகள். நான்குதான் பயன்படும், மற்ற இரண்டும் பெரியவை. ஒரு துண்டு அரிசி நொய் அளவு இருந்தால்தான் குப்பியிலுள்ள பதப்படுத்தும் திரவம் நடுவரைக்கும் இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிடு.

இந்தத் துண்டுகளிலிருந்து தண்ணீரைப் படிப்படியாக எடுத்துவிட்டுப் பிசினில் பொதிந்து, கெட்டியான பிறகு வைரக் கத்தியால் மெல்லியதாகச் சீவுவோம். அந்தச் சீவலைத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பது. நான் சீவித் தருவதோடு சரி. படம் எடுத்துப் பார்த்து அறிக்கை எழுதுவது டாக்டர் கல்பனா. ஒரு வாரம் ஆகும்.

படிவத்தில் ஒரு கட்டத்தை நீ நிரப்பவில்லை. "எடுத்ததிலிருந்து ஒப்படைக்கும்வரை மாதிரி வைக்கப்பட்டிருந்த இடம்." அதை எழுதி அனுப்பு. மன்னியை விசாரித்ததாகச் சொல்.

ஜானவி

*

திருவள்ளூர்
23.6.2025, திங்கள்

ஜானவிக்கு,

நான்கு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் அரிசி நொய்யும் வைரக் கத்தியும். போகட்டும்.

கட்டத்துக்குப் பதில்: ஆத்து ஃபிரிட்ஜில், கீழ்த் தட்டில். குப்பிமேல் "குளிரில் வைக்கவும்" என்று போட்டிருந்தது, அப்படியே வைத்தேன். போதுமா?

அறிக்கை வரும்வரை வரதன் கோசாலைப் பக்கம் வரக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். மாடுகளுக்கு நான்தான் தீனி போடுகிறேன். ஒன்றும் என்னைச் சட்டை செய்வதில்லை. வரதன் மணவாள நகரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சீக்கிரம் அனுப்பச் சொல்.

ரங்கன்

*

கும்மிடிப்பூண்டி
26.6.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

அறிக்கை நேற்றே குழுவுக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. நான் படங்களைப் பார்த்தது இன்று காலையில்தான். செல்களுக்குள் நிறைய வெற்றிடங்கள் இருப்பதால் நச்சுப் பாதிப்பாக இருக்கலாம் என்று டாக்டர் கல்பனா எழுதியிருக்கிறார். படத்தையும் உன் படிவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு எப்படியும் எழுத முடியாது. அவர்மேல் தப்பு இல்லை.

எனக்குத்தான் சரியாகப் படவில்லை. நஞ்சு என்றால் செல்லுக்குள் சில உறுப்புகளைத் தாக்கும், சிலவற்றை விட்டுவிடும். இங்கே எதையும் விடவில்லை. உட்கரு, சுவர், பித்தம் ஓடும் குழாய் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கிழித்துக்கொண்டு ஓட்டைகள். ஓட்டைகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. துண்டின் ஓரத்தில் சின்னதாகவும் நடுவில் பெரிதாகவும் இருக்கின்றன. பனிக்கட்டி செய்கிற வேலை இது.

எங்கள் தொழிலில் குளிர வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. மெதுவாக உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகப் படிகமாகி எல்லாவற்றையும் குத்திக் கிழித்துவிடும். பிறகு உருகினால் ஊசி போய்விடும், ஓட்டை மட்டும் நிற்கும்.

நம் ஆத்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் காய்கறி வைப்பார்கள். அங்கே எதுவும் உறையாது. குப்பியை எங்கே வைத்திருந்தாய்?

ஜானவி

*

திருவள்ளூர்
30.6.2025, திங்கள்

ஜானவிக்கு,

விஷயம் முடிந்துவிட்டது. நீ மெனக்கெட வேண்டாம்.

அறிக்கை வந்ததும் தலைவர் வரதனைக் கூப்பிட்டு போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கவனக்குறைவால் மருந்தை அதிகமாகக் கலந்துவிட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். புகார் இல்லை, வேலை மட்டும் இல்லை. அவனே ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டை ஓரத்தில் சின்னதா நடுவில் பெரிதா என்று நாம் ஏன் அளந்துகொண்டிருக்க வேண்டும்?

உறைந்தது என்றே வைத்துக்கொள். உங்கள் வண்டியிலும்தானே ஐஸ் பெட்டி இருக்கிறது? வழியில் உறைந்திருக்கலாம். அதை விசாரித்தாயா?

ரங்கன்

*

கும்மிடிப்பூண்டி
3.7.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

விசாரித்தேன். வண்டிப் பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. ஜூன் பதினாறாம் தேதி முழுவதும் நான்கு டிகிரி. மூன்றுக்குக் கீழே ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. ஆசீர்வாதம் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். வரதனை விட்டால் அவர் தலையில் கட்டலாம் என்று நீ நினைத்தாய் அல்லவா? அந்த வரியைப் படித்தபோது உன்மேல் எனக்கு வந்த கோபம், நான்கு வருஷத்துக்கு முன் வந்ததைவிடப் பெரிது. அப்பா திவசத்தன்று, மாமிசம் தொடுகிறவள் தளிகை நடக்கும் சமையலறைக்குள் வரக் கூடாது என்று எல்லார் முன்னாலும் நீ சொன்னாய். அது உன் நம்பிக்கை என்றாவது விட்டுவிடலாம். இது பொய்.

என் சந்தேகம் சரிதானா என்று பார்க்க, கடைக்குப் போய் ஆட்டு ஈரல் நூறு கிராம் வாங்கினேன். "வறுவலுக்கா மேடம், கொழம்புக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். குழம்புக்கு என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்று பங்கு வைத்தேன். முதல் பங்கை முறைப்படி நான்கு டிகிரியில். இரண்டாவதை அதே திரவத்தில் போட்டு எங்கள் சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒன்றரை நாள். மூன்றாவதை எங்களுடைய உறைவிக்கும் இயந்திரத்தில். அதில் மிளகில் பாதி அளவு துண்டை ஒரு குட்டித் தட்டில் வைத்து மூடி, பெரும் அழுத்தம் கொடுத்து, அதே நொடியில் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சுவோம். படிகமாகத் தண்ணீருக்கு நேரமே கிடைக்காது. இருந்தது இருந்தபடி கெட்டியாகிவிடும்.

முதலாவதும் மூன்றாவதும் சுத்தமாக இருந்தன. இரண்டாவதில் செங்கமலத்தின் ஈரலில் இருந்த அதே ஓட்டைகள். டாக்டர் கல்பனாவிடம் காட்டினேன். அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு, "மாதிரியை வைத்திருந்தவர் எழுத்தில் திருத்திக் கொடுத்தால் அறிக்கையை ரத்து செய்துவிடலாம்" என்றார்.

வைத்திருந்தவர் நீ.

ஜானவி

*

திருவள்ளூர்
7.7.2025, திங்கள்

ஜானு,

சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

அந்தச் சனிக்கிழமை குப்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆத்து வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே வரக் கால் எழவில்லை. ஃபிரிட்ஜில் பெருமாளுக்குப் பால், தயிர், ஊறவைத்த பயறு. அதற்குப் பக்கத்தில் செத்த மாட்டின் ஈரலை எப்படி வைப்பது? கோதையிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால், "ஏன்னா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றிருப்பாள். வெளியே வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். குளிரில் வைக்க வேண்டும், ஆத்தில் வைக்கக் கூடாது. வாசலிலேயே கால் மணி நேரம் நின்றேன்.

தெருமுனையில் குணாவின் பால் பூத் இருக்கிறதே, அங்கே போனேன். "இன்னா சாமி, ஊசி மருந்தா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். "ஐஸ்கிரீம் பொட்டில போட்றேன், நல்லா ஜில்லுனு இருக்கும்" என்று வாங்கி உள்ளே வைத்தான். ஞாயிறு முழுக்க அது கோன் ஐஸ்கிரீமுக்கு அடியில் கிடந்தது. திங்கள் காலையில் எடுத்தபோது கல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தேன், கரைந்தது. கரைந்ததும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக எனக்கு வேறு எதுவும் தெரியாது.

சனிக்கிழமைதோறும் திருமஞ்சனத்துக்குப் பால் போதாமல் போனால் அந்த பூத்திலிருந்துதான் வருகிறது. பெருமாளுக்கு வரும் பால் இருக்கும் கடையில் செத்த பசுவின் ஈரலை, அதுவும் மருந்து என்று பொய் சொல்லி வைத்தவன் நான். பன்னிரண்டு வயசில் அப்பாவோடு பூஜைக்குச் சந்நிதிக்குள் போக ஆரம்பித்தவன். வெளியே தெரிந்தால் என்னை வாசற்படி ஏற விடமாட்டார்கள். குணாவின் கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஜானு. இவ்வளவு பயம் எனக்கு எதற்குமே வந்ததில்லை.

வரதனுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். திருநின்றவூரில் ஒரு பால் பண்ணையில் ஆள் கேட்கிறார்கள். இதோடு விட்டுவிடேன்.

ரங்கன்

*

கும்மிடிப்பூண்டி
10.7.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

குப்பிமேல் ஒட்டும் தமிழ்ச் சீட்டை எழுதியது நான். "குளிரில் வைக்கவும்" என்பதோடு நிறுத்திவிட்டேன். "உறைய விடக் கூடாது" என்று அடுத்த வரி எழுதியிருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். இதை எழுதி லேபில் கொடுத்துவிட்டேன். புதுச் சீட்டு அச்சாகிறது. இது என் பங்கு.

உன் பங்கை நான் எழுத முடியாது. மாதிரி கெட்டுவிட்டது என்று மட்டும் அறிவித்து அறிக்கையைத் திரும்ப வாங்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். உனக்காகத்தான் யோசித்தேன், மறைக்கவில்லை. அப்படிச் செய்தால் உன் பெயர் வெளியே வராது. ஆனால் எப்படிக் கெட்டது என்று சொல்லாவிட்டால் தலைவர் நம்பமாட்டார். வரதன் எழுதிக் கொடுத்த காகிதமும் அப்படியே இருக்கும். ஒப்புக்கொண்டான் என்கிறாய். போலீஸ் என்றதும் நீயாக இருந்தால் என்ன எழுதிக் கொடுத்திருப்பாய்?

உங்கள் டாக்டர் சந்திரமோகனிடம் போனில் பேசினேன். வழக்கப்படி இன்னொரு துண்டை ஃபார்மலினில் போட்டுத் தன் அலுவலக மேஜையில் வைத்திருக்கிறாராம். அது குளிரவும் இல்லை, உறையவும் இல்லை. படம் அத்தனை தெளிவாக வராது. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஆனால் முதல் மாதிரி ஏன் செல்லாது என்று எழுத்தில் இருந்தால்தான் இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள்.

படிவம் வைத்திருக்கிறேன். அதே கட்டம்தான். நிரப்புவதும் நிரப்பாததும் உன் இஷ்டம். உன்னைக் கட்டாயப்படுத்தி ஒரு வரி வாங்கினால் அதுவும் வரதனின் காகிதம் மாதிரிதான் ஆகும்.

ஜானவி

*

திருவள்ளூர்
14.7.2025, திங்கள்

ஜானு,

படிவத்தை நிரப்பிவிட்டேன். கடையின் பெயர், நாள், நேரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். டாக்டர் கொடுத்த ஃபார்மலின் துண்டும் பெட்டியில் இருக்கிறது. டாக்டர் மேஜையிலிருந்து நேராக ஆசீர்வாதத்தின் கைக்கு. நான் தொடவில்லை.

நேற்று முதலில் குணாவிடம் போனேன். முழுவதும் கேட்டான். "சாமி, நீயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஐஸ்கிரீம் பெட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தான். திட்டியிருந்தால் தேவலை. பிறகு தலைவரிடம் போனேன். அவர் திட்டினார்.

ஒரு மண்டலம் நான் சந்நிதிக்குள் போகக் கூடாது. தீட்டுக் கழிக்கச் சம்ப்ரோக்ஷணம் செய்ய வேண்டும் என்கிறார்கள். சந்நிதிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். கோதை அழுகிறாள். தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்து ஐஸ்கிரீம் ஐயங்கார் என்று சொல்லிச் சிரித்தார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

ரங்கன்

*

கும்மிடிப்பூண்டி
24.7.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

முதல் அறிக்கை ரத்தானது. இரண்டாவது இணைப்பில் இருக்கிறது. சுருக்கமாக: செல்களின் உருவம் சரியாக இருக்கிறது. வெற்றிடங்கள் இல்லை. ஈரலில் நச்சுப் பாதிப்பின் அடையாளம் காணப்படவில்லை.

ஒன்றைக் கவனி. செங்கமலம் எதனால் செத்தது என்பது இதில் இல்லை. வயிற்றில் இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை, மாட்டையும் அன்றே புதைத்துவிட்டீர்கள். இனி அது தெரியப்போவதில்லை. மருந்தினால் இல்லவே இல்லை என்றும் எங்களால் எழுத முடியாது. பார்த்ததைத்தான் எழுதலாம். வரதனிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சரியாகச் சொல்.

பால் பூத் என்று எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். படிவத்தின் பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

ஜானவி

*

திருவள்ளூர்
28.7.2025, திங்கள்

ஜானு,

வெள்ளிக்கிழமை தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு, வரதன் வேலைக்கு வரலாம் என்றார். சொல்லிவிட்டு வர நானே மணவாள நகருக்குப் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தான். ரொம்ப இளைத்துவிட்டான். அவன் பெண்சாதி, "அது சோறே துன்றதில்ல சாமி. ஊட்ட வுட்டு வெளியவும் போறதில்ல" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். குப்பி, குணா கடை, ஓட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் பாய்வான் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் எழுந்து உட்கார்ந்து, "அப்ப செங்கமலத்த நான் சாவடிக்கலயா சாமி?" என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. போலீசுக்குப் பயந்துதானே எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். "மொதல்ல பயந்துக்கினுதான் எழுதுனேன். அப்பால ஊட்டுக்கு வந்து குந்திக்கினு யோசிச்சேன். மருந்த ஒரு மூடி ஊத்துனனா ரெண்டு மூடி ஊத்துனனான்னு. தெனமும் யோசிச்சேன் சாமி. அம்மாம் பெரிய மிஷினே சொல்லுதே, ரெண்டு மூடிதான் ஊத்தியிருப்பேன்னு ஆயிடுச்சி" என்றான். சாவியும் சந்நிதியும் போனதைப் பற்றியே இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவன் வீட்டுக்குள் இப்படி உட்கார்ந்திருப்பான் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுபடியும் கேட்டான், "நான் சாவடிக்கலயா?"

நீ சொல்லச் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. அடையாளம் காணப்படவில்லை, எதனால் என்று தெரியாது, இல்லவே இல்லை என்றும் எழுத முடியாது. வரிசையாக நினைவிருந்தது. "இல்லை வரதா, நீ கொல்லவில்லை" என்றேன். உன் அறிக்கையில் இல்லாததைச் சொல்லிவிட்டேன். நீ ஒப்புக்கொள்ளமாட்டாய். பரவாயில்லை, கோபித்துக்கொள்.

அவன் பெண்சாதி உள்ளே போய் அழுதாள். அவன் அழவில்லை. எழுந்து சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான். மாடுகளுக்குச் சாயங்காலத் தீனி வைத்தாயிற்றா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். சைக்கிளை வெளியே எடுத்தவன், ஏறாமல் என் பக்கம் திரும்பினான்.

"ஒரு மூடிதான் சாமி" என்றான். நான் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ரங்கன்